பாறைப் பிளவும் மணல் ஊற்றும்

கோடை விடுமுறையில் பீடச் சிறுவர்களை ஒருநாள் வெளியூர் அழைத்துச் செல்வது நம் பங்கின் பழைய வழக்கம். ஆண்டு முழுதும் விடியற்காலை எழுந்து, மணியடித்து, மெழுகுதிரி ஏற்றி, திருப்பலிக்கு உதவிய பிள்ளைகளுக்கு அந்த ஒருநாள் உலாவே கைம்மாறு. 2019ஆம் ஆண்டு மே மாதத்தில், எங்கே போகலாம் என்று கேட்டபோது, பதினான்கு பேரும் ஒரே குரலில் மாமல்லபுரம் என்றார்கள். கடலில் இறங்கலாம் என்னும் ஆசைதான் காரணம். கடல் அங்கே ஆபத்தானது என்பதால், குன்றின்மேல் ஏறலாம், மரநிழலில் நடக்கலாம், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பாறையில் நீர் ஓடிய இடத்தைக் காட்டுகிறோம் என்று சொல்லி ஒருவாறு சம்மதிக்கச் செய்தோம். அந்த ஆண்டு தண்ணீர் என்ற சொல்லுக்கே ஒரு கவர்ச்சி இருந்தது. முந்திய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போயிற்று. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு சென்னை மாநகரமே குடத்தோடு தெருவில் நின்ற கோடை அது.

விடியுமுன் வேன் புறப்பட்டது. உபதேசியாரும் உடன் வந்தார். செங்கற்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றத்தை நெருங்கியபோது கிழக்கு வெளுத்து, வேதகிரி மலை கரிய நிழலாகத் தெரிந்தது. நண்பகல்தோறும் இரு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் உணவுண்ட மலை அது. 1990களுக்குப் பின் அவை வருவதில்லை. பறவைகள் ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் கேட்க, உபதேசியார் ஏதோ சொல்லிச் சமாளித்தார். பாறு இனப் பறவைகளே இந்நாட்டில் அருகிப்போன கதையை நாம் பிறிதொரு நாள் சொல்வதாக வாக்களித்தோம். இன்னும் சொல்லவில்லை.

மாமல்லபுரத்துக் குன்றைக் காடு என்று அழைப்பது சற்று மிகைதான். ஆயினும் காலை ஆறு மணிக்கு, சுற்றுலாப் பயணிகள் வருமுன், அந்தக் கருங்கற் பாறைகளுக்கிடையே வேம்பும் பனையும் முட்புதர்களும் செழித்த ஒற்றையடிப் பாதையில் நடப்பவர்க்கு அது காடாகவே தோன்றும். ஏற்றம் கடினமன்று. ஐம்பதைக் கடந்த நம் முழங்கால்களே முணுமுணுக்கவில்லை என்றால் வேறு சான்று வேண்டுவதில்லை. வடபுறம் வான் இறைக்கல் என்னும் உருண்டைப் பாறை, சரிவில் இப்போது உருண்டுவிடும் போல் நிற்கிறது. பிள்ளைகள் அதன் அடியில் நின்று கைகளால் தாங்குவது போல் பாவனை செய்யாமல் ஓரடி நகர மறுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நம் நாட்டுப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே வந்து நின்ற படம் நாளிதழ்களில் வெளியானபோது, 'நாங்கள் முதலில் நின்றோம்' என்று நம் பிள்ளைகள் பள்ளியில் பெருமை பேசினராம்.

திருமூர்த்திக் குகைக்கு அருகே பாறையைக் குடைந்து வட்டமாக அமைத்த பெரிய கல்தொட்டி ஒன்றுண்டு. கோபியர் தயிர் கடைந்த கலம் என்று ஊரார் சொல்வர். நீர் தேக்கவே அமைத்திருப்பர் என்று எண்ணத் தோன்றுகிறது. நாங்கள் சென்றபோது அதில் சருகுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. வராகக் குகை, கணேச ரதம், முடிவு பெறாமல் நிற்கும் இராய கோபுரம் ஆகியவற்றை வேகமாகக் கடந்து, கலங்கரை விளக்கருகே சிறிது இளைப்பாறினோம். மேலே பாறையுச்சியில் இருக்கும் ஒலக்கணேசுவரர் கோயிலின் தலைமேல்தான் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கப்பல்களுக்கு விளக்கேற்றினர். அங்கிருந்து பார்த்தால் கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். அக்கால்வாயின் ஒரு பகுதி 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில், பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டப்பட்டது. இருபுறமும் உப்புநீர் சூழ்ந்த நிலத்தில் நல்ல நீரைத் தேடுவது பல்லவர் நாளிலிருந்தே இவ்வூரின் கவலை என்று நாம் பிள்ளைகளிடம் கூறினோம். கடற்கரைக் கோயிலின் மதிலுக்குள்ளேயே, அலையோசை கேட்கும் தொலைவில், பல்லவர் காலத்துக் கிணறு ஒன்று மணலுக்கடியில் இருந்து 1990இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது என்பதையும் சொன்னோம். அவர்கள் இட்டிலிப் பொட்டலத்தைப் பிரிப்பதிலேயே கருத்தாயிருந்தனர்.

பின்னர்க் கீழிறங்கி, அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறைக்கு முன் வந்து நின்றோம்.

இதனைப் பலமுறை கண்டிருக்கிறோம். குருமடத்தில் பயின்ற நாள்களில் முதன்முறை வந்தபோது, இது ஒரு சிற்பம் என்று மட்டுமே பார்த்துப் போனோம். தொண்ணூறு அடிக்கு மேல் நீளமும் நாற்பதடிக்கு மேல் உயரமும் கொண்ட இரு பாறைகள். நடுவே இயற்கையாய் அமைந்த ஒரு பிளவு. அந்தப் பிளவை ஆறாக்கியதே சிற்பியின் பேரறிவு. பிளவுக்குள் நாகர்கள் கைகூப்பியவண்ணம் மேல்நோக்கி எழுகின்றனர். இரு கரைகளிலும் தேவரும் வேடரும் சிங்கமும் மானும் யானைக் கூட்டமும் அதை நோக்கி வருகின்றன. ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் மெலிந்த மனிதன் அர்ச்சுனனா, கங்கையை வேண்டிய பகீரதனா என்னும் வழக்கு, 1914இல் விக்தர் கோலுபேவ் என்னும் அறிஞர் இதைக் கங்கையின் வருகை என்று எழுதிய நாள்முதல் இன்றுவரை தீரவில்லை. நமக்குப் பகீரதன் பக்கமே மனம் சாய்கிறது. அதற்குக் காரணம் பாறையின் தலைமேல் இருக்கிறது. அங்கே நீர் தேக்கும் தொட்டி ஒன்று இருந்ததற்கான தடயங்கள் உள்ளன. விழா நாள்களில் அதைத் திறந்து, பிளவின் வழியாக உண்மையாகவே நீரை வழியவிட்டிருப்பர் என்பது ஆய்வாளர் கருத்து. நீர் நாகர்களின் மேனியில் வழிந்து, கதிரொளியில் அவர்கள் நெளிவது போல் தோன்றியிருக்கும். எண்ணிப் பாருங்கள்! குன்றின்மேல் ஆறும் இல்லை, அருவியும் இல்லை. மழைநீரைச் சேர்த்தோ, மனிதர் சுமந்தோதான் அந்தத் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும்.

பாறையிலிருந்து நீர் வந்த கதை நம் இறைமக்களுக்குப் புதிதன்று. சைதாப்பேட்டையை அடுத்த சின்னமலையில் புனித தோமையார் பாறையைத் தட்ட ஊற்றுப் பிறந்ததென்னும் மரபைத் தாய்ப்பாலோடு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். போர்த்துக்கீசியர் 1551இல் அங்கே எழுப்பிய சிற்றாலயத்துக்கு ஆண்டுதோறும் செல்பவர்களும் நம்மிடையே உண்டு. ஆகவே பிள்ளைகள் அமைதியாகக் கேட்டனர். பாறையின் இடப்புறக் கீழ்ப்பகுதி முடிக்கப்படாமல் நிற்பதையும், மூக்கைப் பின்னங்காலால் சொறியும் மானையும், எலிகள் நடுவே தவவேடம் பூண்டு நிற்கும் பூனையையும் காட்டினோம். பூனையைக் கண்டு எல்லாரும் சிரித்தனர்.

எல்லாருள்ளும் இளையவன் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்பது அல்லது பத்து வயதிருக்கும். தெற்குத் தெருப் பிள்ளை. பிளவின் அடிப்புறத்தில், ஆற்றங்கரையில் நீராடி முடித்தவர்களாகச் சிலர் செதுக்கப்பட்டுள்ளனர். ஒருவர் ஈரத் துணியைப் பிழிகிறார். இன்னொருவர் தோளில் குடம் ஏந்தி வருகிறார். அவன் கண் அந்தக் குடத்தின்மேல் இருந்தது.

"சாமி, மேல அந்தத் தொட்டிக்குத் தண்ணிய யாரு தூக்கினாங்க?"

"ராசா ஆளுங்க தூக்கியிருப்பாங்கடா" என்றார் உபதேசியார்.

அவன் சற்று நேரம் கணக்குப் போட்டான். பிறகு, குறையேதும் சொல்லும் குரலில் அல்லாமல், ஒரு செய்தியைச் சொல்வது போலச் சொன்னான்: "எங்கம்மா பம்புசெட்டுக்குப் போயி தினம் நாலு நடை தூக்குறாங்க சாமி. கோயில்ல எடுத்தா அரை மணியில முடிஞ்சிரும்."

உபதேசியார் நம் முகத்தைப் பார்த்தார். நாம் பூனையைப் பார்த்தோம்.

இங்கே சில செய்திகளை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். நம் பங்கின் ஆலய வளாகத்தில் ஓர் ஆழ்குழாய்க் கிணறு உண்டு. அந்த வறட்சியிலும் அது வற்றவில்லை. பங்கு இல்லம், கன்னியர் மடம், பள்ளி மூன்றுக்கும் அதுவே ஆதாரம். மார்ச்சு மாதத்தில் தெற்குத் தெரு மக்கள் கூடி, தங்கள் தெருமுனைவரை ஒரு குழாய் இழுத்துத் தருமாறு எழுதிக் கொடுத்தார்கள். பங்குப் பேரவையில் வைத்தோம். மோட்டார் எரிந்துவிடும் என்றார் ஒருவர். மின்கட்டணத்தை யார் செலுத்துவது என்றார் மற்றொருவர். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதாமல் போகும் என்றார் இன்னொருவர். மூன்றும் நியாயம் போலவே ஒலித்தன. மோட்டாரைப் பற்றியோ மின்சாரத்தைப் பற்றியோ அங்கே யாரும் கவலைப்படவில்லை என்பது பேசியவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஒரே பலிபீடத்தில் அப்பம் பெறுகிறவர்கள் ஒரே குழாயில் குடம் வைக்கக் கூடாது என்பதே அங்கு யாரும் வாய்விட்டுச் சொல்லாத தீர்மானம். அதைச் சாதி என்று பெயர் சொல்லிக் கண்டித்திருக்க வேண்டிய நாம், "மேலிடத்துக்கு எழுதிக் கேட்போம்" என்று கூட்டத்தை முடித்துவைத்தோம். எழுதவும் இல்லை. ஏப்ரல் போயிற்று. மே வந்தது. தவக்காலத்தில் தாகத்தைப் பற்றி உருக்கமாக ஒரு மறையுரை ஆற்றினோம். நன்றாயிருந்தது என்று பலர் கைகுலுக்கினர்.

திரும்பும் வழியில் பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தனர். நமக்குப் பாலாறே நினைவாக இருந்தது.

நாம் பிறந்து வளர்ந்தது பாலாற்றங்கரையில். கர்நாடகத்தில் தோன்றி, ஆந்திரத்தைத் தொட்டு, 348 கிலோமீட்டர் வழிநடந்து, வயலூர் அருகே கடல் சேரும் அந்த ஆறு, பெயருக்குத்தான் ஆறு. ஆண்டில் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கும். நீர் அடியில் ஓடும். பல்லவ மன்னன் பரமேசுவரவர்மன் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டிக் கூரத்து ஏரிக்கு நீர் கொண்டுசென்றான் என்று அவன் செப்பேடு சொல்கிறது. எங்கள் தெருப் பெண்களுக்குக் கால்வாயும் இல்லை, செப்பேடும் இல்லை. குடத்தோடு மணலில் இறங்கி ஊற்றுத் தோண்டுவார்கள்.

ஊற்றுத் தோண்டுவது ஒரு கலை. எங்கே தோண்டுவது என்பதை மணலின் நிறத்தைப் பார்த்தே எங்கள் தாய் சொல்லிவிடுவார். ஈரம் தட்டும்வரை கையால் பறிக்க வேண்டும். பக்கச் சுவர் சரியாமல் மணலை வட்டமாக ஒதுக்க வேண்டும். முதலில் சுரக்கும் கலங்கல் நீரைக் கொட்டாங்கச்சியால் முகந்து வெளியே ஊற்ற வேண்டும். இரண்டாம் நீரையும் ஊற்ற வேண்டும். அதன்பின் பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முகந்தால் மறுபடி கலங்கும். அந்தக் காத்திருக்கும் நேரத்தில் எங்கள் தாய் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடிப்பார். அதற்குள் அடியில் மணல் துகள் எண்ணத்தக்க அளவு நீர் தெளிந்து நிற்கும். தை மாதத்தில் முழங்கை ஆழம் போதும். சித்திரையில் ஆள் இறங்கித் தோண்ட வேண்டும். நிரப்பிய குடத்தோடு கிளம்பும்போது ஊற்றைத் தூர்ப்பதில்லை. அடுத்து வருகிறவள் முகந்துகொள்வாள். ஊற்று யாருக்கும் சொந்தமில்லை என்பார்கள்.

அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மேல் ஊற்று, கீழ் ஊற்று என்று இரண்டு இருந்தன. எங்கள் தெருப் பெண்கள் மேற்கே தோண்டுவார்கள். அடுத்த தெருவினர் சற்றுத் தள்ளிக் கிழக்கே, ஆற்றின் போக்கில் கீழ்ப்புறமாகத் தோண்ட வேண்டும். எழுதாச் சட்டம். இரண்டுக்கும் நடுவே முப்பதடி மணல் இருக்கும். அடியில் ஓடும் நீருக்கு அந்த முப்பதடி தெரியாது. அடுத்த தெருவினரும் ஞாயிறுதோறும் அதே கோயிலுக்கு வருகிறவர்களே. கோயிலில் அவர்கள் உட்காருமிடமும் அந்நாளில் தனிதான்.

1978ஆம் ஆண்டு, நமக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டுத் திரும்பும்போது வெயில் தாளாமல், கூடப் படித்த ஒரு பையனோடு ஆற்றில் இறங்கி, அவன் தாய் தோண்டி வைத்திருந்த கீழ் ஊற்றில் இரு கைகளாலும் அள்ளிக் குடித்தோம். எங்கள் தாய் மேலிருந்து பார்த்துவிட்டார். அடிப்பார் என்று எண்ணினோம். அடிக்கவில்லை. அருகே சென்று, தாகம் தீராமல் அவர் குடத்தைத் தொட்டோம். தொட்ட குடத்தை எடுத்து, நிரப்ப ஒரு மணி நேரம் ஆன அந்த நீரை, மணலில் சாய்த்து ஊற்றினார். பிறகு மறுபடி உட்கார்ந்து முகக்கத் தொடங்கினார். ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பையனின் தாய் முப்பதடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நம் கண்முன் இன்றும் நிற்பது, மணல் அந்த நீரைக் குடித்த வேகம்.

நம்மைப் பெற்றவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அவர் பசித்தவருக்குச் சோறிடாமல் உண்டதில்லை. நம்மைக் குருவாக்கியது அவருடைய செபமே. ஆயினும் அந்தப் பகலை நாம் எந்த ஒப்புரவிலும் சொன்னதில்லை. குற்றம் நம்முடையதன்று என்று எண்ணியதால். பேரவையில் மோட்டாரைப் பற்றிப் பேசியவரை நாம் மறுக்காமல் இருந்தபோது, அதே குடம் நம் கையில் சாய்ந்தது என்பது அந்த வேனில் வரும்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில், பேரவையைக் கூட்டாமல், குழாய் வேலை மறுநாள் தொடங்கும் என்று அறிவித்தோம். முறைப்படி அது தவறு, அதையும் ஒப்புக்கொள்கிறோம். உறுப்பினர் நால்வர் விலகினர். ஒருவர் கிறிஸ்துமசுக்குத் திரும்பி வந்தார். இருவர் திருப்பலிக்கு வருகிறார்கள், பேசுவதில்லை. ஒருவர் அடுத்த பங்குக் கோயிலுக்குப் போகிறார். குழாய் தெருமுனைவரை போயிற்று. மோட்டார் இன்றுவரை எரியவில்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளாகத்துக்குள்ளேயும் ஒரு குழாய் வைத்து, இரு தெருவினரும் அங்கே வந்து முகக்கச் செய்ய வேண்டும் என்றே முதலில் எண்ணினோம். கடைசியில் துணிவு வரவில்லை. தெற்குத் தெருக் குழாய் தெற்குத் தெருவில், மற்றவர்களுக்கு உள்ளது மற்றவர்களிடத்தில். மேல் ஊற்றும் கீழ் ஊற்றும் அப்படியே இருக்கின்றன என்று யாரேனும் நம்மிடம் சொன்னால் நமக்கு மறுமொழி இல்லை. அந்தச் சிறுவனின் தாய்க்கு நாலு நடை மிச்சமாயிற்று என்பது மட்டும் மெய்.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. அதைப் பார்க்க ஊருக்குச் சென்றோம். எண்பதைக் கடந்த எங்கள் தாய் தம்பி வீட்டில் இருக்கிறார். நாம் குருப்பட்டம் பெற்ற நாள்முதல் பெற்ற மகனையே சாமி என்று அழைப்பவர். கைத்தாங்கலாகக் கரைவரை அழைத்துச் சென்றோம். மணல் இருந்த இடமெல்லாம் செந்நீர். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், மேல் ஊற்று எந்த இடம், கீழ் ஊற்று எந்த இடம் என்று கையால் காட்டினார். பிறகு தாமே சொன்னார்:

"கீழ் ஊத்துத் தண்ணிதான் சாமி நல்லா தித்திப்பா இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அம்மா?"

"நீங்க பள்ளிக்கூடம் போனப்புறம், யாரும் இல்லாதப்போ குடிச்சிருக்கேன்."

தூறல் தொடங்கிவிட்டது. குடையை விரித்து, அவரை மெல்ல வீட்டுக்கு அழைத்து வந்தோம்.